வாண்டு அடம்பிடிக்கக் கற்றுக்கொண்டாள்

வாண்டு வகுப்பில் யாரையும் கடிக்கவில்லை. எதையும் திருடவில்லை. டீச்சரை எதிர்த்துப் பேசவும் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு கவலை வந்திருக்காது.

பெற்றோர் உடனே வரவும் என்று அழைப்பு வந்தபோது அவளுடைய அப்பா நாலு மாடி உயரத்தில், இரும்புச் சட்டத்தில், இடுப்பில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு பற்பசைக்காரியின் சிரிப்பை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவோரத்து விளம்பரப் பலகைகளில் பேனர் கட்டுவது அவர் தொழில், அதனால் எல்லோருக்கும் அவர் பேனர்காரர். சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறங்க முடியாது. மீதிப் பற்களையும் கட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

அது நல்ல பள்ளிக்கூடம் என்று பெயரெடுத்தது. வாசல் வளைவு ஒரு சோப்பு நிறுவனத்தின் அன்பளிப்பு, மணிக்கூண்டு ஒரு மெத்தை நிறுவனத்தின் அன்பளிப்பு. முதல் வகுப்பு அ பிரிவு, ஆ பிரிவு என்பதெல்லாம் பழைய காலம். இப்போது முதல் வகுப்பு ஷாம்பு பிரிவு, முதல் வகுப்பு நூடுல்ஸ் பிரிவு. வாண்டு நூடுல்ஸ் பிரிவு. ஷாம்பு பிரிவுப் பிள்ளைகள் நூடுல்ஸ் பிரிவைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தலைமை ஆசிரியை அவரை உட்காரச் சொன்னார். "பதட்டப்படாதீங்க. குழந்தை உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்ல," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பேனர்காரருக்குப் பதற்றம் வந்தது.

தலைமை ஆசிரியை மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு.

"இது என்ன?"

"கூல்டிரிங்க்ஸ், மேடம். போன வாரம்தான் பாலத்துக்கிட்ட கட்டினேன்."

"பாருங்க, உங்களுக்குத் தெரியுது. பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்க பொண்ணைக் கேட்டா, 'இந்தப் பக்கம் வண்டி போகக் கூடாதுன்னு ரோட்டுல வச்சிருப்பாங்களே, அது'ங்கிறா. ஷூ கம்பெனி முத்திரையைக் காட்டினா, 'காக்கா காலு'ங்கிறா. ஒரு அட்டைகூட அவளுக்குத் தெரியல."

"பாடம் எல்லாம் எப்படிப் படிக்கிறா மேடம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் படிக்கிறா. அதை விடுங்க." கையை வீசி அந்தப் பேச்சை ஓரமாக ஒதுக்கினார். "நாங்க இங்க வெறும் எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித்தரல. ஒரு குழந்தை பெரிசானா டாக்டர் ஆகலாம், டிரைவர் ஆகலாம், ஒண்ணுமே ஆகாமலும் போகலாம். ஆனா வாங்குற ஆளா ஆகும். அது ஒண்ணுதான் நிச்சயம். அந்த நிச்சயத்துக்குத்தான் நாங்க அஸ்திவாரம் போடுறோம். வீட்டுல டிவி இருக்கா?"

"இல்ல மேடம்."

"போன்?"

"பேசுற போன்தான்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் தலையை அசைத்தார். பிறகு, குழந்தையை விருப்ப வளர்ச்சி மையத்துக்கு அழைத்துப் போகும்படி சொன்னார்.

பேனர்காரர் வீட்டில் டிவி இல்லாததற்கு வறுமை காரணம் இல்லை. கொள்கை, கத்தரிக்காய் என்று பெரிய பேச்சும் இல்லை. வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அவர் நாற்சந்தியில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார். கீழே சிவப்பு விளக்குக்காக ஒரு பள்ளி வேன் நின்றது. சுருட்டி வைத்திருந்த பேனரை அவர் அவிழ்த்து விட்டதும், வேனுக்குள் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அத்தனை வாய்களும் ஒரே அளவுக்குத் திறந்தன. விளக்கு மாறி வேன் நகர்ந்த பிறகும் தலைகள் மட்டும் பின்னால் திரும்பியபடியே போயின. அவருக்குத் தெரிந்த வரையில், பக்கத்தில் போனால் பேனரில் இருப்பது சிரிப்புகூட இல்லை, வெறும் மைப்புள்ளி. பின்பக்கம் போனால் துருவும் புறா எச்சமும்.

வீட்டுக்கு வந்து, நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை பார்ப்பவர், எதையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுவார். "கட்டுறவரே வேண்டாங்கிறீங்கன்னா அதுல ஏதோ இருக்கு," என்றார். அன்றோடு முடிந்தது. சோப்போ பிஸ்கட்டோ, உறையைப் பிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். பள்ளிக்கூடத்துக்கும் பெரிய சாலை வழியாக அல்ல, கால்வாய்ச் சந்து வழியாகத்தான் வாண்டு போவாள். கிழித்து இறக்கிய பழைய பேனர்கள் வீட்டுக்கு வருவதுண்டு. நல்ல கெட்டியான சீட்டு, தண்ணீர் இறங்காது. கூரைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. எல்லாம் படத்துப் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. தரையில் கிடந்த அந்த வெள்ளையில் வாண்டு கரித்துண்டால் ஊர் வரைவாள், ஆடு வரைவாள், அம்மாவை ஆட்டைவிடச் சின்னதாக வரைவாள். சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தால் மறுநாளைக்குப் புது ஊர்.

விருப்ப வளர்ச்சி மையத்தில் ஒரு கடையைப் போலவே ஓர் அறை இருந்தது. அலமாரி அலமாரியாகப் பொம்மைகள், மிட்டாய்கள், பளபளவென்று டப்பாக்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே விருப்ப ஆலோசகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இங்கே நடப்பது அடம்பிடிப்புத் தேர்வு என்று விளக்கினார்.

"குழந்தையை உள்ள விடுவோம். பிடிச்சதை எடுக்கும். எடுத்ததும் நம்ம ஆளு வந்து 'வேண்டாம், வச்சிடு'ன்னு சொல்லுவாரு. அங்கதான் குழந்தையோட வளர்ச்சி தெரியும். சிணுங்கினா சுமார். கத்தினா நல்லது. தரையில உருண்டா ஆரோக்கியம்."

வாண்டுவுக்கு முன்னால் போன பையன் ஆரோக்கியத்தின் உச்சியில் இருந்தான். 'வேண்டாம்' என்ற சொல் முடிவதற்குள் விழுந்தான். உருண்டான். அலமாரியின் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு நின்றுவிடும்போல அலறினான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் போனில் படம் பிடித்தார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டுல இதைவிட நல்லாப் பண்ணுவான்," என்று பக்கத்தில் இருந்த பேனர்காரரிடம் அடக்கத்தோடு சொன்னார்.

வாண்டு உள்ளே போனாள். ஒரு பொம்மையை எடுத்தாள், முடியைத் தடவினாள், அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "வேண்டாம், வச்சிடு" என்றதும், "சரி" என்று வைத்துவிட்டாள். வைத்த பொம்மை சாய்ந்திருந்தது, நேராக்கிவிட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மா தன் பிள்ளையைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டார்.

ஆலோசகர் உள்ளே போய் அவள் முன்னால் குந்தினார். "பாப்பா, உனக்கு என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளு."

"தண்ணி."

ஆலோசகர் முகம் மலர்ந்தது. "ஆகா. எந்தத் தண்ணி? நீல மூடி போட்டதா, பச்சை மூடி போட்டதா?"

"டம்ளர்ல," என்றாள் வாண்டு.

ஆலோசகர் வெளியே வந்து பேனர்காரரைத் தனியாக அழைத்துப் போனார். "எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கிறா. அதுவும் நேரா வைக்கிறா. இவ்வளவு முத்திப்போன நிலையில நான் பார்த்ததே இல்ல," என்றார். "இதை நீங்க இப்படியே விட்டீங்கன்னா, நாளைக்குப் பெரிசாகி, இருக்கிறதே போதும்னு சொன்னாலும் சொல்லிடுவா."

பேனர்காரர் திருதிருவென்று விழித்தார். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க ஓர் ஆய்வாளர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், குளியலறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"சோப்புல பேரையே காணோமே?"

"தேய்ச்சுக் குளிச்சா தேய்ஞ்சு போகும் சார்," என்றார் பேனர்காரரின் மனைவி.

"பிஸ்கட்?"

மனைவி தகர டப்பாவைத் திறந்து காட்டினார். பெயரில்லாத பிஸ்கட்டுகளைப் பார்த்ததும் ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவர் கண் தரையில் விழுந்தது. வாண்டு அங்கே குப்புறப் படுத்து ஒரு பாலம் வரைந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன சீட்டு?"

"பழைய பேனர் சார்."

ஆய்வாளர் குனிந்து ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று விட்டார். "ஒரு முகத்தைக் குப்புறப் போட்டு அது மேல நடக்குறீங்க. அந்தக் கம்பெனிக்காரங்க பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? ஊருக்கெல்லாம் நீங்கதான் விரிச்சுக் காட்டுறீங்க. சொந்தப் பொண்ணுக்கு மட்டும் மறைக்கிறீங்க. இதுக்குப் பேரு என்ன சார்?"

அந்தக் கேள்வி பேனர்காரரைக் குத்தியது, ஏனென்றால் அதை அவரே தன்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார்.

"சாராயக் கடையில வேலை பார்க்கிறவரு, வீட்டுல குழந்தைக்கு ஊத்திக் கொடுக்கணும்னு சட்டம் இருக்கா சார்?"

"அது வேற துறைம்மா," என்றார் ஆய்வாளர்.

போவதற்கு முன் விஷயத்தைச் சொன்னார். கடைசியாக ஒரு தேர்வு வைப்பார்கள். அதிலும் வாண்டு அடம்பிடிக்கவில்லை என்றால் அவளை விருப்ப இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டியதுதான். பெற்றோர் போய்ப் பார்க்கலாம், கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போனால்.

"பயப்படாதீங்க, அங்க நல்லாப் பார்த்துப்பாங்க. சுத்தி நாலு சுவரும் திரைதான். தூங்கும்போதும் காதுக்குள்ள பாட்டு ஓடும். போன வருஷம் ஒரு பையன் வந்தான், எதையுமே கேட்க மாட்டான். இப்போ கேட்க ஆரம்பிச்சான்னா நிறுத்தவே மாட்டேங்கிறான்."

"வீட்டுக்குப் போயிட்டானா சார்?" என்று பேனர்காரர் கேட்டார்.

"இல்ல. வீட்டுல அவனை வச்சுச் சமாளிக்க முடியலன்னுட்டாங்க. அங்கேயேதான் இருக்கான்."

ஆய்வாளர் போன பிறகு வாண்டு பாலத்தை முடித்துவிட்டு, அதன் மேலே கயிற்றில் தொங்குகிற ஒரு மனிதரை வரைந்தாள். "அப்பா, இது நீங்க," என்றாள். குழந்தையை விட்டுவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்ததுமே பேனர்காரர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது.

மனைவி வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் பலகையில் அடுக்கிக் கடை வைத்தார். 'வேண்டாம்' சொல்லும் ஆளும் அவர்தான். வாண்டு ஒரு தட்டை எடுத்தாள். "வேண்டாம், வச்சிடு" என்றார் அம்மா. "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

"அப்படி வைக்கக் கூடாது கண்ணு. வேணும்னு கத்தணும்."

"நம்ம வீட்டுத் தட்டுதானேம்மா. எதுக்குக் கத்தணும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். இதெல்லாம் சொல்லிப் புரியவைக்கிற விஷயம் இல்லை, செய்து காட்ட வேண்டியதுதான் என்று பேனர்காரர் முடிவு செய்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு கரண்டியை எடுத்தார். "வேண்டாம், வச்சிடு" என்றதும், "எனக்கு வேணும்" என்று கத்தியபடி பொத்தென்று தரையில் விழுந்தார். இரண்டு உருளல் உருண்டார். பல வருஷம் கயிறு இறுக்கிய இடுப்பு சுளீரென்றது. "ஐயோ, என் இடுப்பு" என்று பிடித்துக்கொண்டார். மூன்றாவது உருளலைப் பாதியில் முடித்தார்.

வாண்டு கைதட்டிச் சிரித்தாள். இப்படி ஒரு விளையாட்டு வீட்டில் இருப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது. "இன்னொரு தடவை அப்பா," என்றாள். அவர் இன்னொரு தடவை உருண்டார். பிறகு அவள் உருண்டாள். அம்மா 'வேண்டாம்' என்பார், வாண்டு விழுவாள், கத்துவாள், உருளுவாள். தினமும் சாயங்காலம் இதே வேலை. அக்கம்பக்கத்தில், பேனர்காரர் வீட்டுப் பிள்ளை கடைசியில் தேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

"என்ன கத்துக்கொடுக்கிறோம்னு எனக்கே பயமா இருக்கு," என்றார் பேனர்காரர் மனைவியிடம்.

"நடிப்புதானே. முடிஞ்சா மறந்துடுவா."

"மறந்துடுவாளா?"

மனைவி துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

கடைசித் தேர்வுக்கு ஒரு குழுவே வந்திருந்தது. தலைமை ஆசிரியை, விருப்ப ஆலோசகர், இவர்களுக்கு நடுவே பொம்மை நிறுவனத்தின் பிரதிநிதி. அவர் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, நாற்காலி அவர் கொடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் பேனர்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாண்டு அதே பொம்மையை எடுத்தாள். ஆள் வந்து "வேண்டாம், வச்சிடு" என்றார். வாண்டு ஒரு நொடி கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பேனர்காரர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"எனக்கு வேணும்" என்று கத்தியபடி வாண்டு பொத்தென்று விழுந்தாள். இரண்டு உருளல் உருண்டாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் அதே குரலில், "ஐயோ, என் இடுப்பு" என்றாள். மூன்றாவது உருளலைப் பாதியில் முடித்தாள்.

பேனர்காரருக்கு உயிரே போய்விட்டது.

"இடுப்புன்னு சொன்னாளே, அது என்ன?" என்றார் தலைமை ஆசிரியை.

ஆலோசகர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். கண்ணைத் திறந்தபோது குரல் தழுதழுத்தது. "மேடம், இது சாதாரண விஷயம் இல்ல. இந்தக் குழந்தை பொம்மையோட நிக்கல. இந்த வயசுலயே வலி தைலத்தைக் கேட்க ஆரம்பிச்சிருக்கா. முப்பது வருஷம் கழிச்சு வர வேண்டிய விருப்பம். என் அனுபவத்துல இப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததில்ல."

பொம்மை நிறுவனப் பிரதிநிதி எழுந்து ஒரு சிறு உரை ஆற்றினார். "எங்களை எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க. நாங்க குழந்தைகளுக்குப் பொம்மை விக்கிறோம்னு. பொம்மை ஒரு வாரத்துல உடைஞ்சிடும், அப்படித்தான் செய்றோம். நாங்க கொடுக்கிறது, அந்தப் பொம்மை இல்லாத ஏக்கத்தை. அது உடையாது. கெட்டுப்போகாது. அப்பா அம்மா போன பிறகும் குழந்தைகிட்டயே இருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வாண்டு சிறப்புத் தகுதியில் தேறிவிட்டாள் என்று அறிவித்தார்கள். அவளுக்கு அந்தப் பொம்மையையே பரிசாகவும் கொடுத்தார்கள். பேனர்காரர் இரண்டு கையையும் கூப்பினார். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, யாராவது மனசு மாறிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவசரத்தில் கால்வாய்ச் சந்து நினைவுக்கு வரவில்லை. பெரிய சாலை வழியாகவே வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் தோளில் சாய்ந்திருந்த வாண்டு வழியெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அன்றைக்குக் கொண்டாட்டம்தான். மனைவி அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தார். பேனர்காரர் நிம்மதியாகக் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். வாண்டு பொம்மையோடு கொஞ்ச நேரம் விளையாடினாள். பிறகு அது வந்த பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள். பெட்டியின் பின்பக்கத்தில் அந்தப் பொம்மைக்கு இருக்க வேண்டிய வீடு, கார், தங்கை, நாய்க்குட்டி எல்லாம் படமாகப் போட்டிருந்தது.

பெட்டியைக் கீழே வைத்தாள். தரையில் கிடந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்தாள்.

"அப்பா, எல்லாத்துக்கும் பின்னாடி படம் இருக்குமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்து முழுசாகப் புரட்டிவிட்டாள். காலையில் மறுபடியும் வரைந்திருந்த ஊரும் பாலமும் கயிற்று மனிதரும் கீழே போய்விட்டன. மேலே ஒரு சிறுமி. அறை அளவுக்குப் பெரிய முகம். வாண்டுவின் தலை அளவுக்குப் பற்கள். இரண்டு கையையும் எதற்கோ நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது என்ன பொருளுக்கான விளம்பரம் என்று பேனர்காரருக்கே நினைவில்லை. பொருளும் பெயரும் இருந்த பாதியை வெட்டிக் கூரைக்குப் போட்டு வருஷக்கணக்காகிறது.

வாண்டு அந்த முகத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த அக்கா ஏன்ப்பா இவ்வளவு சந்தோஷமா இருக்கா? அவளுக்கு என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. அது சும்மா படம். கிட்டப் போய்ப் பாரு, வெறும் புள்ளிதான்."

அவள் குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். நிமிர்ந்தாள். கையில் இருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். இந்த முறை நேராக வைக்கவில்லை.

"எனக்கும் அது வேணும்ப்பா," என்றாள்.

"எது கண்ணு?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கத்தவில்லை, விழவில்லை, உருளவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பெரிய சிரிப்பைப் பார்த்தபடியே சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் விளையாட்டு முடியலையா?" என்று கேட்டார்.